ஜெசிந்தாவின் கைவாகு

சுடலைவடிவு ஒரு திங்கட்கிழமை காலையில் மேசை மாறினாள். இரண்டாவது மேசைக்கும் மூன்றாவது மேசைக்கும் நடுவே நாலு அடிதான் இருக்கும். அதைக் கடக்க அவளுக்கு ஏழு வருடம் ஆகியிருந்தது.

சேர்ந்தகுளம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் வாசலுக்கு எதிரே தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. அதில் ஆறு மேசைகள், ஆறு மனு எழுதுபவர்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்பதால் விடிந்ததுமே கூட்டம் வந்துவிடும். இரண்டாவது மேசை தவசிமுத்துவுடையது. முப்பத்தோரு வருடமாக அங்கே உட்கார்ந்திருக்கிறார். மூன்றாவது மேசை ஜெசிந்தாவுடையது. தையல் கடை ஒன்றில் அளவெடுத்துக்கொண்டிருந்தவள், ஆறு வருடங்களுக்கு முன்பு பரீட்சை எழுதி உரிமம் வாங்கி வந்து சேர்ந்தாள்.

"என்ன சுடலைவடிவு, அங்கிட்டுப் போறே?" என்றார் தவசிமுத்து.

"கோவிச்சுக்கிடாதீய அண்ணாச்சி. அந்தப் புள்ளைக்குக் கைராசின்னு சொல்லுதாக. ஒருக்க பாத்துட்டு வாரேன்."

"அப்பம் ஏழு வருசமா நான் எழுதினதுக்கு ராசி இல்லயாக்கும்."

"ராசி இருந்தா நான் எதுக்கு எட்டாவது வருசம் வாரேன்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஜெசிந்தா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னாள். சிரித்திருந்தால் தவசிமுத்துவுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

சுடலைவடிவின் வீடு கால்வாய்க் கரையில் இருந்தது. அது இருக்கும் இரண்டு சென்ட் நிலம் குடியிருப்பு நத்தமா, கால்வாய்ப் புறம்போக்கா என்பதுதான் விவகாரம். மறுபடி அளந்து பார்த்தால் நத்தம் என்று தெரிந்துவிடும், பட்டா கொடுத்துவிடலாம். அளப்பதற்கு ஆள் வரவேண்டுமே, அதற்குத்தான் ஏழு வருட மனு. இந்த வருடம் கால்வாயை அகலப்படுத்தும் அறிவிப்பு வந்துவிட்டது. கார்த்திகைக்குள் பட்டா கிடைக்காவிட்டால் வீடு போய்விடும்.

மனுக்களை முதலில் படிப்பது மனிதர்கள் இல்லை. நான்கு வருடங்களாக ஓர் இயந்திரம்தான் படிக்கிறது. அரசாணையில் அதன் பெயர் முதல்நிலை வாசிப்பான். கொட்டகையில் அதைச் சல்லடை என்பார்கள். பத்து மனுவில் ஒன்றை அது அதிகாரியின் மேசைக்கு அனுப்பும். மற்ற ஒன்பதுக்கும் 'பரிசீலிக்கப்பட்டது' என்று பதில் வரும். கொட்டகையில் இப்போது ஒருவரையொருவர் நலம் விசாரிப்பதே "மேல போச்சா?" என்றுதான். சல்லடை வந்த பிறகு தவசிமுத்துவின் மனு ஒன்றுகூட மேலே போனதில்லை. ஜெசிந்தாவுடையது பத்தில் ஆறு போனது.

அன்றைக்கு அவள் சுடலைவடிவோடு நாற்பது நிமிடம் பேசினாள். அதற்குள் தவசிமுத்து ஐந்து மனு முடித்திருந்தார். பக்கத்து மேசையில் என்ன பேசுகிறார்கள் என்று காதைக் கொடுத்தும் கூட்டத்தின் இரைச்சலில் ஒன்றும் பிடிபடவில்லை. பாதி நேரம் இருவரும் பேசாமலே இருந்ததுபோலத் தெரிந்தது.

ஒன்பதாவது நாள் பதில் வந்தது. நில அளவையர் நேரில் வருவார் என்று தேதி போட்டிருந்தது. சுடலைவடிவு மனுவின் நகலை எடுத்துக்கொண்டு நேரே இரண்டாவது மேசைக்குத்தான் வந்தாள்.

"படிச்சுப் பாருங்க அண்ணாச்சி. ஒங்களுக்குக் காட்டணும்னுதான் கொண்டாந்தேன்."

அவர் படித்தார். 'மேற்படி முகவரியில் வசித்துவரும்' இல்லை, 'பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' இல்லை. மனு இப்படித் தொடங்கியது: 'மழை பெய்தால் நான் முதலில் அடுப்பைத் தூக்கிக் கட்டில் மேல் வைப்பேன். மண் அடுப்பு நனைந்தால் மூன்று நாளைக்குச் சோறு கிடையாது. கட்டிலில் அடுப்பு இருப்பதால் நாங்கள் விடியும்வரை நின்றுகொண்டிருப்போம்.'

தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "நல்லாருக்கு" என்றார்.

அதன்பிறகு பல நாள் அந்த மூன்று வாக்கியங்களையும் அவர் மனதுக்குள் எழுதிப் பார்த்தார். வேறு எப்படி எழுதினாலும் அவை தரம் இறங்கிப் போயின. ஏழு வருடம் அந்தப் பெண் தன் எதிரே உட்கார்ந்திருந்தாள். அந்த அடுப்பு ஒரு தடவைகூடத் தன் மேசைக்கு வரவில்லை. ஜெசிந்தாவிடம் மட்டும் ஒரே நாளில் வந்துவிட்டது. சாப்பிடும்போதும் சட்டை மாட்டும்போதும் அது அவரை உறுத்தியது. அவள் கணினியில் எழுத்து ஓடும் வேகத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். அரசு ஒரே மேடையில், ஒரே நாளில் ஆறு பேருக்கும் கொடுத்த மடிக்கணினிதான் அதுவும். கொடுக்கும்போதே பழைய சரக்கு. அதிலிருந்த எழுத்துத்துணையும் ஒன்றுதான். விவரத்தை அடித்தால் திருத்தி மனுவாக்கித் தரும். அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? தன்னிடம் என்று ஒப்புக்கொள்வதைவிட, இயந்திரத்துக்குள் எங்கோ என்று நினைப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

அவருடைய மடிக்கணினியும் அதற்கேற்பத் தள்ளாடிக்கொண்டிருந்தது. மனுதாரர் பெயரை அடித்தால் அது திரைக்கு வருவதற்குள் அவர் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

மீரானின் கடை பழைய பேருந்து நிலையத்தில், மாடிப்படிக்கு அடியில் இருந்தது. மீரான் மடிக்கணினியைக் கவிழ்த்துப் போட்டு, எட்டுத் திருகாணிகளையும் கழற்றிக் காந்தத் தட்டில் வரிசையாக ஒட்டவைத்தான்.

"பாருங்க அண்ணாச்சி, ரெண்டு ஸ்லாட்டு. ஒண்ணுல எட்டு ஜிபி நிக்குது. இன்னொண்ணு பொறந்ததுல இருந்து காலியாக் கெடக்கு. ஒரு துண்டு ரேம் போட்டா கழுத சும்மா பறக்கும். ஆனா இந்த மாடலுக்குப் புதுசு எவனும் செய்யுறதில்ல. பழசுதான்."

"பழசு இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. கழுவணும். நாளைக்கு வாங்க."

"ரேமக் கழுவுறதா? என்ன, சோப்புப் போட்டா?"

மீரான் சிரித்தான். "எங்க வாப்பா காலத்துல கரண்டு போனா ரேமு எல்லாத்தையும் மறந்துரும். இப்பம் வாறது மறக்காது. துணை இருக்குல்லா, அது ஒங்களப் பாத்துப் பாத்துப் படிக்கும். எந்த வார்த்தைய அழிக்கீய, எங்கன நிறுத்துதீய, எதுத்தாப்புல இருக்கவங்ககிட்ட என்னத்தக் கேக்கீய, அவுக என்ன சொல்லுதாக, அவ்வளவும் ரேமுலதான் ஊறிக் கெடக்கும். நாங்க அதக் கைவாகுன்னு சொல்லுவோம். துண்டக் கழத்தி இன்னொருத்தர் மெஷினுல மாட்டுனா கைவாகும் கூடவே போயிரும். அதான், கழுவாம விக்கக் கூடாதுன்னு சட்டம்."

"இது யாரு கை?"

மீரான் துடைக்கும் துணியைத் தேடினான். மேசையிழுப்பறை திறந்திருந்தது. ஆள்காட்டி விரல் நீளத்தில் ஒரு பச்சைத் துண்டு. அதன் ஓரத்தில் நகப்பூச்சால் சின்னதாக ஒரு சிலுவை போட்டிருந்தது. கடையில் மாறிப் போகாமல் இருக்கப் போட்ட அடையாளம்.

"மூணாவது மேசையா?"

"போன வாரம் பெரிய துண்டு போட்டுக்கிட்டாக. கைவாக அதுல நகல் எடுத்துக் குடுத்துட்டேன். இதக் கழுவிட்டு யாருக்காச்சும் குடுங்க மீரான்னு சொன்னாக."

"கழுவாம மாட்டு."

"அண்ணாச்சி..."

"பஸ் ஸ்டாண்ட இடிக்க வந்தப்பம் இந்த மாடிப்படிய எவன் மனு காப்பாத்துச்சு?"

அது பதின்மூன்று வருடத்துக்கு முந்தைய கதை. அப்போது மனுவை மனிதர்கள் படித்தார்கள். மீரான் துடைக்கும் துணியைக் கீழே வைத்தான். பிறகு துண்டை எடுத்து, சாய்வாகச் செருகி, கட்டைவிரலால் அழுத்தினான். 'டிக்' என்று உட்கார்ந்தது.

"சல்லடை எப்படின்னு ஒங்களுக்குத் தெரியும்" என்றான் திருகாணியைப் பூட்டியபடி. "ஆயிரம் மனு ஒரே மாதிரி வந்தா அது படிக்காது. இதுவர கேக்காதது ஒண்ணு வந்தாத்தான் நிமுந்து பாக்கும். அவுக அப்படி ஒண்ணத் தோண்டி எடுத்துருவாக. ஆனா ஒண்ணு, ஒங்களுக்குக் கைதான் வரும். ஆளு வரமாட்டாக."

அடுத்த திங்கட்கிழமை முதல் ஆளாக வந்தவர் சங்கிலிபூதம். அவரும் கால்வாய்க் கரைதான். அறிவிப்பு வந்ததிலிருந்து கரையோரத்தார் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். தவசிமுத்து விவரத்தை அடித்தார். எழுத்து விரலுக்கு முன்னால் ஓடியது. பாதியில் திரை நின்று, ஒரு கேள்வி வந்தது: 'மழை பெய்தால் இவர் முதலில் எதைத் தூக்கி வைப்பார்?' அதன் கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று, 'கேட்டுச் சொல்கிறேன்.' மற்றது, 'நீயே எழுது.'

அவருடைய பழைய துணை ஒருநாளும் அவரிடம் கேள்வி கேட்டதில்லை. கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லாததால் அதற்கும் இல்லை. நிமிர்ந்து பார்த்தார். சங்கிலிபூதத்துக்குப் பின்னால் பதினோரு பேர். ஒரு பெண்ணின் இடுப்பிலிருந்த குழந்தை அழுதது. மூன்றாவது மேசையில் அதைவிட நீளமான வரிசை.

'நீயே எழுது' என்பதை அழுத்தினார்.

மனு வந்தது. சங்கிலிபூதத்தின் வீட்டில் அடுப்பு கட்டிலில் ஏறியிருந்தது. வார்த்தைகள் மாறியிருந்தன, அடுப்பு மாறவில்லை. அது யாருடைய அடுப்பு என்று தவசிமுத்துவுக்குத் தெரியும். தெரிந்தேதான் அச்செடுத்துக் கொடுத்தார்.

அது மேலே போனது. அடுத்த வாரம் மூன்று பேர் வந்தார்கள், அதற்கடுத்த வாரம் நான்கு பேர். எல்லாம் கரையோரம், எல்லாருக்கும் அதே கேள்வி வந்தது, எல்லாருக்கும் அவர் அதே பொத்தானை அழுத்தினார். எட்டில் மூன்று மேலே போய்விட்டது என்ற செய்தி ஊரில் பரவ, மூன்றாவது மேசையின் வரிசை வளைந்து இரண்டாவது மேசைக்கு வந்தது.

"தவசி அண்ணாச்சிக்குக் கை வந்துட்டுவே" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. இத்தனை நாள் அவர் ஏங்கிய பேச்சு அதுதான். கேட்டதும் அவர் திரும்பிப் பார்த்தது ஜெசிந்தாவை.

அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். "நல்லா போவுது போலுக்கே அண்ணாச்சி" என்று சிரித்தாள். "எனக்கும் இன்னைக்கு முதுகு வலி. நல்லதாப் போச்சு."

அவள் கண்ணில் ஒரு பொட்டுப் பொறாமையாவது தெரிகிறதா என்று அவர் தேடினார். இல்லை. தன்னிடம் மலையளவு இருக்கிற ஒன்று அவளிடம் எள்ளளவும் இல்லை என்பதற்காகவும் அவள்மேல் எரிச்சல் வந்தது. அவளுடைய கையை எடுத்துக்கொண்ட பிறகும் அவளுடைய எதுவோ ஒன்று இன்னும் அவளிடமே இருந்தது.

நில அளவையர் வரவேண்டிய வியாழனுக்கு மூன்று நாள் முன்னால், திங்கட்கிழமை பதினொரு மணிக்கு, ஜெசிந்தாவின் கைபேசிக்கு ஓர் அறிவிப்பு வந்தது. அவள் எழுந்து நின்றுகொண்டே படித்தாள். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தாள்.

'ஒரே கையால் எழுதப்பட்ட ஒன்பது மனுக்களில் ஒரே சம்பவம் இடம்பெற்றுள்ளது. ஒன்பது மனுக்களும் முடித்துவைக்கப்படுகின்றன. அவற்றின் மீதான உத்தரவுகள் ரத்துசெய்யப்படுகின்றன. கை பதிவு எண் 27. இவ்வெழுத்தரின் உரிமம் நிறுத்திவைக்கப்படுகிறது. மேல்முறையீடு இருப்பின் வேறு கையால் எழுதி மூன்று நாட்களுக்குள் சமர்ப்பிக்கலாம்.'

மனுவில் எழுதியவர் பெயர் இருக்காது. சட்டப்படி அது மனுதாரருடையது. ஆனால் சல்லடைக்குக் கை தெரியும். இருபத்தேழாம் எண் ஜெசிந்தாவுடையது.

கொஞ்ச நேரத்தில் சுடலைவடிவும் ஓடிவந்தாள். அவளுக்கும் தகவல் வந்திருந்தது. இருவரும் சேர்ந்து நாலு அடியைக் கடந்து தவசிமுத்துவின் எதிரே வந்து நின்றார்கள்.

"அண்ணாச்சி, எனக்கு ஒரு மனு எழுதித் தரணும்" என்றாள் ஜெசிந்தா. "எங்கையால எழுதக் கூடாதாம். இந்தக் கொட்டகையிலயே ஒங்க கைதான் எனக்குச் சுத்தமா ஒட்டாத கை. நீங்க எழுதினா எங்கைன்னு அது சொல்லவே சொல்லாது."

"வியாழக்கெழம அளக்க வாரதா இருந்துச்சு" என்றாள் சுடலைவடிவு. "இப்பம் வரமாட்டானாம். நான் பொய் சொன்னேனாம். எவன் எம் அடுப்பத் தூக்கிட்டுப் போனான்னு தெரியல, சவத்துப்பய."

தவசிமுத்து அவர்களை உட்காரச் சொன்னார். எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. மூன்றாவது மேசை காலியாகும். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். தான் எதையும் செய்யவேண்டியதில்லை. மூன்று நாள் தலைவலி என்று வீட்டில் படுத்திருந்தால் போதும். அந்த நினைப்பில் ஒரு நிம்மதிகூட இருந்தது. அதை மறைத்துக்கொள்ள அவர் தட்டச்சு செய்யத் தொடங்கினார்.

'எண் 27 எழுத்தர் தெரிவிப்பது: சுடலைவடிவின் மனு தவிர மற்ற எட்டு மனுக்களும் தன்னால் எழுதப்பட்டவை அல்ல' என்று அடித்ததும் திரை நின்றது. கேள்வி வந்தது.

'அப்படியானால் இவற்றை எழுதியது யார்?'

கீழே இரண்டு பொத்தான்கள். கேட்டுச் சொல்கிறேன். நீயே எழுது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்திருக்கிற ஜெசிந்தா கேட்டிருக்கக்கூடிய கேள்வி அதுதான். கணினிக்குள் இருந்தும் அவள்தான் கேட்கிறாள்.

"என்ன அண்ணாச்சி, மெஷினு நின்னுட்டா?"

"கேள்வி கேக்கு."

"ஒங்க துணையா? கேள்வியா? என்ன கேக்கு?"

"எட்டையும் எழுதினது யாருன்னு கேக்கு."

"அதான தெரியல" என்றாள் ஜெசிந்தா.

தவசிமுத்து கணினியை அணைத்தார். மூடிக் கவிழ்த்து வைத்தார். "ஒன் தையல் மிஷினு ஸ்க்ரூடிரைவர் வச்சிருப்பியே, இருக்கா தங்கச்சி?"

அவள் பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தாள். எட்டுத் திருகாணி. இரண்டு கீழே விழுந்தன. ஜெசிந்தாவே குனிந்து பொறுக்கி மேசையில் வைத்தாள். அவர் மூடியைத் தூக்கி, துண்டைப் பிடுங்கி, அவள் பக்கமாக நகர்த்தினார். நகப்பூச்சுச் சிலுவை மேலே தெரிந்தது.

முதல் மேசையில் யாரோ பிறப்புச் சான்றிதழுக்கு எழுத்துக்கூட்டிப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கேட்டிருந்தா நானே தந்திருப்பேனே" என்றாள் ஜெசிந்தா கடைசியில்.

"ஒங்கிட்டப் போயி எப்படிக் கேப்பேன்?" என்றார் தவசிமுத்து. "அதுக்குத்தான் மனசு வரல."

"அப்பம் எம் அடுப்பத் தூக்குனது நீருதானா?" சுடலைவடிவு எழுந்துவிட்டாள். "ஏழு வருசம் ஒம்ம முன்னால குத்தவச்சிருந்தேனே. அப்பம் ஒருக்க கேட்டிருந்தா வாயத் தொறந்து சொல்லியிருப்பேனே வே. களவாண்டு எட்டுப் பேருக்குப் பங்கு வச்சிருக்கீரு!"

"இரு. எழுதுதேன்."

"எழுதும். நான் நிக்கேன். முடிக்குற வர நிக்கேன்."

பழைய எட்டு ஜிபியில் எழுத்துகள் ஒவ்வொன்றாக, தயங்கித் தயங்கி வந்தன. அவருடைய சொந்தத் துணை தனக்குத் தெரிந்ததைத் தந்தது: 'சமூகம் ஐயா அவர்களுக்கு, பணிவுடன் சமர்ப்பிப்பது யாதெனில்'.

"என்ன எழுதியிருக்கீரு, படியும்" என்றாள் சுடலைவடிவு. படித்தார். "பணிவா? எட்டுப் பேரு மண்ணுல வெளையாடுனவருக்கு என்ன பணிவு?"

அழித்தார். ஜெசிந்தாவின் கை பழக்கத்தில் விசைப்பலகையை நோக்கி வந்தது. தொட்டால் தன் கை பதிந்துவிடும் என்ற நினைவு வந்ததும் இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார் தவசிமுத்து. "அன்னைக்கு இவகிட்ட நாப்பது நிமிசம் என்னத்தக் கேட்டே?"

"ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். மழை வந்தா மொதல்ல என்னத்தத் தூக்குவீகன்னு. பெறவு சும்மா இருந்தேன். அளவு எடுக்கையில நம்ம வாயத் தொறந்தா அவுக மூச்ச இழுத்துப் பிடிச்சுக்கிடுவாக அண்ணாச்சி. அளவு தப்பாப் போயிரும்."

அவர் விசைப்பலகைக்குத் திரும்பினார். எழுதியது எட்டு வரிகள். 'ஒன்பது மனுக்களில் எட்டை எழுதியவன் நான். எழுத்தர் ஜெசிந்தாவின் ரேமைக் கழுவாமல் வாங்கி என் கணினியில் போட்டுக்கொண்டேன். அந்த எட்டுப் பேரிடமும் நான் எதுவும் கேட்கவில்லை. அடுப்பு சுடலைவடிவினுடையது. அவள் எழுத்தரை மாற்றிக்கொண்டதை என்னால் தாங்க முடியவில்லை' என்று முடித்திருந்தார். ஜெசிந்தா அதைப் படித்தாள். ஒரு சொல்லையும் மாற்றச் சொல்லவில்லை.

ஒரு மணி நேரத்துக்குள் அது மேலே போனது. எழுதியவனே தன்னைக் காட்டிக்கொடுக்கும் மனு சல்லடைக்கு அதுவரை வந்ததில்லை. நான்கு வருடத்தில் தவசிமுத்துவின் சொந்தக் கையில் மேலே போன முதல் மனு அது. அவர் உரிமத்தை ஒரு வருடத்துக்கு நிறுத்திவைத்ததும் அதே மனுவின் பேரில்தான்.

சுடலைவடிவின் ரத்தான உத்தரவும் ஜெசிந்தாவின் உரிமமும் திரும்ப வந்தன. எது உண்மை, எது பொய் என்று ஒன்பது வீட்டையும் நேரில் பார்க்கும்படி உத்தரவில் இருந்ததால், வியாழனன்று அளவையரோடு வட்டாட்சியரும் வந்தார். முப்பது வயதுப் பெண். தவசிமுத்துவையும் கூட வரச்சொல்லியிருந்தார்கள். முதல் நாள் மாலையிலிருந்து விடாமல் மழை. கால்வாய்க் கரையில் கணுக்கால் தண்ணீரில் நடந்து போனார்கள்.

சுடலைவடிவின் வீட்டில் அடுப்பு கட்டில் மேல் இருந்தது. அளவையர் கருவியை வைத்துப் பார்த்து, நத்தம்தான் என்றார். சுடலைவடிவு அழவில்லை. வட்டாட்சியரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே கூட்டிப்போய், "இது என் அடுப்பும்மா, நான் சொன்னது" என்று காட்டினாள். அடுத்த வீடுகளுக்கும் தானே வழிகாட்டினாள். பொய்யெல்லாம் வெளுப்பதைப் பார்க்கவேண்டும் அவளுக்கு.

சங்கிலிபூதத்தின் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்கள். நார்க் கட்டிலில் சாக்கு விரித்து, அதன்மேல் அடுப்பு. வீட்டிலிருந்த நாலு பேரும் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார்கள். அதற்கடுத்த வீட்டிலும் அப்படியே. அதற்கடுத்த வீட்டில் கட்டில் இல்லை. அடுப்பு தொட்டிலில் இருந்தது, குழந்தை தோளில் இருந்தது. எட்டு வீட்டில் ஆறில் அடுப்பு மேலே ஏறியிருந்தது.

"நீங்க யார்கிட்டயும் எதுவுமே கேக்கலைன்னு எழுதியிருக்கீங்க" என்றார் வட்டாட்சியர். "அப்புறம் எப்படி இத்தனை வீட்டுல சரியா இருக்கு?"

தவசிமுத்து கரையைத் திரும்பிப் பார்த்தார். தன்னால் எழுத முடியாமல் போனதற்காக இரண்டு மாதம் தூக்கம் கெட்டுத் தவித்த அந்த வாக்கியம் இந்தக் கரை முழுக்கச் சும்மா கிடந்திருக்கிறது. யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

சுடலைவடிவின் முகம் விழுந்துவிட்டது. கல்யாண வீட்டில் தன்னிடம் மட்டும் இருப்பதாக நினைத்த சங்கிலியை ஆறு கழுத்தில் பார்த்தவள் போல நின்றாள். "எல்லாவளும்லா தூக்கி வச்சிருக்காளுவ" என்றாள் மெதுவாக.

சங்கிலிபூதம் முன்னால் வந்தார். "அப்பம் எங்க மனுவும் நெசந்தானம்மா. எங்களுக்கும் அளந்து தாங்க."

"நிஜம்தான் ஐயா. கண்ணால பாத்துட்டேன்" என்றார் வட்டாட்சியர். அவருக்கும் சங்கடமாக இருந்தது. குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "ஆனா ஒரு சம்பவத்துக்கு ஒரு மனுதான் அது எடுக்கும். இது ஏற்கெனவே அந்தம்மா பேர்ல வந்துட்டு. திங்கட்கிழமை வேற ஏதாவது எழுதிக் கொண்டாங்க."

திங்கட்கிழமை தவசிமுத்து தன் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். எழுதத்தான் கூடாதே தவிர, உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மூன்றாவது மேசையின் முன்னால் கால்வாய்க் கரையிலிருந்து எட்டுப் பேர் வரிசையாக நின்றார்கள். இந்த முறை ஜெசிந்தா கேட்பது அவருக்குத் தெளிவாகக் கேட்டது. பழைய கேள்வி இல்லை.

"அடுப்ப விடுங்க. மத்தவுக யாருக்கும் இல்லாதது, ஒங்களுக்கு மட்டும்னு ஏதாச்சும் இருக்கா?"

முதலில் உட்கார்ந்தவள் யோசிக்கவே இல்லை. போன ஐப்பசியில் கால்வாயில் வெள்ளம் வந்தபோது மாடு பிடிக்கப் போன அவள் புருஷன் திரும்பவில்லை. மூன்றாம் நாள் மதகில் தட்டி நின்றான். அடையாளம் காட்டச் சொன்னபோது, தான் தைத்துக் கொடுத்த சட்டைப் பித்தானைப் பார்த்துத்தான் சொன்னாளாம். ஜெசிந்தா வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். மனு அச்சாகி வந்தது. அந்தப் பெண் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனாள். இது மேலே போகும் என்று கொட்டகையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அடுத்து உட்கார்ந்தவள் நடுத்தர வயதுக்காரி. வெகுநேரம் யோசித்தாள். மேசையின் விளிம்பை நகத்தால் சுரண்டினாள். சேலைத் தலைப்பை முறுக்கினாள். ஜெசிந்தா அவசரப்படுத்தவில்லை.

"எனக்குன்னு தனியா ஒண்ணும் தோண மாட்டேங்கே தாயி" என்றாள் அவள். மனுவோடு ஆட்சியர் அலுவலகக் கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தவளின் முதுகைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவளுக்கென்ன, மாப்பிள்ளைய வெள்ளம் கொண்டுபோயிட்டு. குடுத்து வச்சவ."